இரண்டு பிக்கப்

பழையதில் முப்பத்தெட்டு மூட்டை வெங்காயம் ஏறும்.
புதியதில் இருபத்திரண்டு.
பின்பெட்டியில் ஒரு கடி கடித்து
முன்னால் இன்னொரு வரிசைச் சீட்டு வைத்திருக்கிறான்.
ஆரை ஏற்ற?

சுன்னாகம் சந்தையில்
பக்கத்துச் சீட்டில் ஒரு பூசணிக்காய் வைத்தேன்.
பெல்ட் போடச் சொல்லிக் கத்தியது.
போட்டுவிட்டேன்.
மருதனார்மடம் வரை
மரியாதையாய் வந்தது பூசணி.

பழையதற்கு நோயென்றால்
செபமாலை காது வைத்துக் கேட்பான்,
ஒரு கம்பித்துண்டோடு முடியும்.
இதற்குக் கொம்பியூட்டர் கொண்டு வருகிறார்கள்.
அது சொல்வதை நம்பவேண்டியதுதான்,
லீசிங்காரன் சொல்லும் வட்டியைப் போல.

ஓம், ஏசி நல்லது.
தோட்டத்து ஒழுங்கைப் பள்ளம்
இடுப்புவரை ஏறுவதில்லை.

நேற்றுப் பின்னுக்கு எடுக்கையில்
சின்னத் திரையில் ஏதோ கறுப்பாய்.
சில்லுக்குப் பின்னால்
நித்திரையில் ஒரு நாய்க்குட்டி.
இறங்கித் தூக்கி வேலியோரம் விட்டேன்.
வயிறு சுடச்சுட இருந்தது.

பிறகு நெடுநேரம்
வாகனத்தை எடுக்கவில்லை.
பதினெட்டு வருசம்
பழையதில், கண்ணாடியை மட்டும் நம்பி
எத்தனை தரம் பின்னுக்கு எடுத்திருப்பேன்.

எது திறம் என்று
செபமாலை கேட்டான்.
மூட்டைக் கணக்கை மட்டும் சொன்னேன்.