கண்டவர் நிரப்ப வேண்டிய படிவம்

பிளஸ் டூ வரை போனவன் என்பதால்
பேனா என்னிடம் வந்தது.
கன்டெய்னர் ஆபீசில் ஏசி இரைந்துகொண்டிருந்தது.
வெளியே ருவைஸ், ஆகஸ்ட், பகல் மூன்று மணி.
'எல்லாம் பாஸ்ட் டென்ஸில் எழுது' என்றார்
சேஃப்டி ஆபீசர் டேனிலோ, மணிலாக்காரர்.
'நடந்து முடிந்ததுதானே.'

முடிந்ததா, தெரியவில்லை.
பிச்சைக்கனியை ஏற்றிக்கொண்டு போன வண்டி
இன்னும் மெயின் கேட்டைத் தாண்டியிருக்காது.

முதல் வரிகள் சுலபம்.
ஒர்க் என்றால் ஒர்க்ட். கிளைம்ப் என்றால் கிளைம்ப்ட்.
வால் மாதிரி இ, டி என்று இரண்டெழுத்து.
கேட் பாஸ் மாட்டிக்கொண்டு
காலை நாலரைக்கு பஸ்ஸுக்கு நிற்கிற எங்களைப் போல
சொன்னபடி கேட்கிற வினைகள்.
ஸ்லிப்டு எழுதும்போது மட்டும் ஒரு பி கூடுதல்:
வழுக்கியவன்
இன்னொரு காலை ஊன்றப் பார்த்த மாதிரி.

அப்புறம் ஃபால்.
ஃபால்டு என்று எழுதி, அடித்தேன்.
மகளுக்கு மெசேஜ் போட்டேன். ஏழாம் வகுப்பு.
நோட்டில் ஒட்டிய அட்டவணையைப்
படம் பிடித்து அனுப்பினாள், ஓரத்தில் அவள் கட்டைவிரலும்.
ஃபால், ஃபெல், ஃபாலன்.
'ஏம்ப்பா, உனக்குப் பரீட்சையா?'
ஆமாம் என்றேன்.

ஃபெல்.
நம்மில் விழுந்தான் என்றால்
சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு
அவனும் கூடவே விழுகிறான்.
இதில் ஆளே இல்லை.
அவன் ஃபெல். பலகை ஃபெல். ஸ்பேனர் ஃபெல்.
எண்ணெய் விலையும் ஃபெல்.

டெல், டோல்ட்.
'பெல்ட் வர நேரமாகும், நீ ஏறு'
என்று ஃபோர்மேன் சொன்னதை
அந்த டோல்ட் வைத்து அடுத்த வரியில் எழுதினேன்.
டேனிலோ படித்தார்.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.
'கிராமர் சரி. வரி வேண்டாம்.'
அந்த இடத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதியது:
ஹீ டிட் நாட் வேர் பெல்ட்.

வோர் இல்லையா சார்?
இல்லையாம். டிட் வந்துவிட்டால்
இறந்தகாலம் மொத்தத்தையும் அதுவே தூக்கிக்கொள்ளுமாம்.
பின்னால் நிற்கிற வினைமேல்
ஒரு கறை படாதாம்.
இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை,
சுவரில் 'விபத்தில்லா நாட்கள் 211' என்ற போர்டையும்.

கடைசிக் கட்டம், காயத்தின் விவரம்.
கட், புட், ஹர்ட்:
மூன்று காலத்துக்கும் முகம் மாறாதவை.
மனப்பாடம் பண்ண வேண்டாம் என்பதால்
மகள் அவற்றுக்குப் பக்கத்தில்
சிரிக்கிற வட்டமொன்று வரைந்திருந்தாள்.
ஹிஸ் லெக்ஸ் ஹர்ட் என்று எழுதினேன்.
இரண்டு காலும் என்பதால்
நேற்று வலித்ததா, இப்போது வலிக்கிறதா என்று
அந்த வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது.
டேனிலோ தலையாட்டி முத்திரை குத்தினார்.
ஒரே ஒரு வரி, எப்படியோ தப்பித்தது.

ராத்திரி கேம்ப்பில்,
மேல் கட்டிலில் அவன் போர்வை மடித்தபடி கிடக்க,
போன் மினுங்கியது.
'எப்படிப்பா எழுதுன?'

எழுதினேன் என்று மட்டும் தட்டினேன்.
தமிழில் அந்தச் சொல்லின் வாலில்
நான் இருக்கிறேன்.
பிரித்துப் பார்த்தால்
ஒரு ஏன் இருக்கிறது.