காத்திருப்புக் கட்டணம்

ஹொரிகுச்சி என்று அவளே சொல்லித் தந்தாள்,
ரயிலடியில் ஏறும்போது.
போகவேண்டிய இடம்: ஜின் ஹோங் கார் வாஷ்,
சுங்கை தெராப், பழைய மூணாம் டிவிஷன்.
காரே இல்லாதவள்
கார் வாஷுக்குப் போகிறாள்.

செம்பனை, செம்பனை, சுங்கச்சாவடி, மறுபடி செம்பனை.
பிறகு ஊர். நாலு வங்கி,
லயம் இருந்த மேட்டில் இருபது மாடி.

வாசலில் இரண்டு கல்தூண்.
சின்ன வயதில் அதுதான் எங்களுக்கு கோல்.
மேலே குறுக்குக் கல் இருந்திருக்கும், என்றாள்.
இருந்திருக்கும்.
எனக்குத் தெரிந்து அங்கே பேனர்தான்:
ஸ்நோ வாஷ் பன்னிரண்டு வெள்ளி.

மூலையில் கல்தொட்டி.
ரொபியுல் அதில் ஸ்பாஞ்சு ஊறப்போட்டிருந்தான்.
அவள் நின்ற நிலையில் அவனுக்கு என்ன புரிந்ததோ,
எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு
ஹோஸைத் திருப்பினான்,
நுரை வழிந்து வழிந்து
அடிக்கல் தெரியும்வரை.

இடக்கை. வலக்கை. கொஞ்சம் வாய்க்கு.
இரண்டு முறை குனிந்தாள், இரண்டு முறை கைதட்டினாள்.
வேக்குவம் இரைச்சலிலும் அது கேட்டது.
வரிசையில் நின்ற ஹைலக்ஸ்காரர்
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
நான் செருப்பைக் கழற்றியிருந்தேன்,
எப்போது என்று தெரியவில்லை.

தொட்டியின் பின்பக்கப் பாசியை
வங்கி அட்டையால் சுரண்டினாள். எழுத்து வந்தது.
பணம் போட்டவர்கள், என்று விரல் வைத்து வாசித்தாள்.
தோட்ட நிர்வாகி. போட்டோ கடைக்காரர்.
ஒரு பல்வைத்தியர்.
விரல் அங்கேயே நின்றது.
"என் அம்மாவின் தாத்தா."

உங்கள் ஆள் யாரும் உண்டா இங்கே?
மரியாதைக்குத்தான் கேட்டாள்.

எங்கள் வீட்டில் இருளப்பன் என்று ஒரு பெயர் உண்டு.
இந்தக் கல்லை லாரியிலிருந்து இறக்கிய
பதினோரு பேரில் ஒருவர்.
மறு வருஷம் பெரட்டில் பெயர் கூப்பிட்டு
சயாமுக்கு ரயிலேற்றினார்கள்.
அப்புறம் கடுதாசி இல்லை.
திதிக்கு நாள் தெரியாமல்
மகாளய அமாவாசையோடு சேர்த்துவிட்டார்கள்.

இதை எந்த மொழியில் சொல்ல.
இல்லை, என்றேன்.

காத்திருப்புக் கட்டணம் ஆறு வெள்ளி ஏறியிருந்தது.
பத்தாகக் கொடுத்தாள்.

அவளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.
வண்டியில் அழுக்கொன்றும் இல்லை.
தொட்டி தெளிந்தே கிடந்தது.
ரொபியுல் ஈர ஸ்பாஞ்சுகளைக் கையில் வைத்துக்கொண்டு
அந்த அம்மா மறுபடி வருமா என்று
மலாயில் கேட்டான்.
வராது. கொஞ்சம் பொறு.

வலக்கையால் மூன்று முறை
அள்ளி விட்டேன். எள் இல்லை.

சரியா, என்றான்.
தலையாட்டினேன்.
ஸ்பாஞ்சைப் போட்டான்.