தீப்பெட்டியில் வந்தது

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு
என் மேசைக்கு வந்து சேரும்
எல்.ஆர். நகரின் காலை.
மாத்திரை டப்பாவில், தைல சீசாவில்,
ஒருமுறை சாந்துப்பொட்டுக் கிண்ணத்தில்.

இன்று தீப்பெட்டியில்.
ஒழுகிவிடக் கூடாதென்று
பால் பாக்கெட்டைக் கிழித்து
உள்தட்டில் விரித்திருந்தாள் பவுலினா.
மேலே பென்சிலால், கன்னடத்தில்:
ரூபன், மூரனே தரகதி.
நோட்டுக்கு அட்டை போட்டதுபோல
பெயருக்கடியில் ஒரு கோடு.

"சக்கரைய அள்ளி அள்ளித் திம்பான் மேடம்,
அதான் பூச்சி.
ராத்திரி பல்ல நறநறன்னு கடிக்கிறான்.
பல்பம் திங்கிறான், சொவத்துச் சுண்ணாம்பக்கூட விடல."

சக்கரையால் வராதும்மா என்றேன்.

"பின்ன எப்படி வருது?"

பதில் இருந்தது, நீளமாக.
சாக்கடைக்குள் முழங்கால் முட்ட நின்றபடி
வாரம் இரண்டு நாள் காவேரி கொண்டுவரும் குழாயில் தொடங்கி,
பத்து மணிக்குப் பூட்டிவிடும் கட்டணக் கழிப்பறை,
பிள்ளைகள் வரிசையாக உட்காரும் ராஜகால்வாய்ச் சுவர்,
அங்கே விழுந்து உருண்டு வீட்டுக்கு வரும் பந்து,
அந்தக் கையாலேயே தின்னும் பன்,
இப்படிப் போய்,
ஈஜிபுரா பக்கத்து அடுக்குமாடியில்
அவள் தினமும் தேய்த்துக் கழுவும்
பதினோரு கழிப்பறைகளில் போய் நிற்கும்.

நான் சொன்னது:
நகம் வெட்டு. கை கழுவு. செருப்புப் போடு.

"செருப்பு இருக்கு மேடம்"
என்றாள், என்னைத் தேற்றுவதுபோல.

கண்ணாடிச் சில்லில் தடவி
லென்ஸைத் திருகினேன்.
உருளைப்புழுவின் முட்டை.
தேன் நிறம்,
விளிம்பெல்லாம் சுருக்கம் வைத்துத் தைத்த பாவாடை.
இவ்வளவு கெட்டியாகக் கட்டிய வீடு
எல்.ஆர். நகரில் வேறில்லை.
மழைக்குத் தாங்கும்.
மண்ணுக்குள் வருடக்கணக்காய்க் காத்திருக்கும்.
பட்டா கேட்டு யாரும் வருவதில்லை,
இடிக்கவும்.

ரூபன் ஸ்டூலில் ஏறி நின்று எட்டிப் பார்த்தான்.
ஒரு கண்ணை மூடத் தெரியாமல்
கையால் பொத்திக்கொண்டு.
கீழிமையை இழுத்துப் பார்த்திருந்தேன் சற்று முன்,
காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

"இது எனக்குள்ளயா இருந்துச்சு?"
ஆமாம்.
"எத்தன?"
இந்தச் சில்லில் நாற்பத்தொன்று.
முட்டை மட்டும்.
"ஸ்கூல்ல முட்ட போடுவாங்கல்ல,
அதுல இதுங்களுக்கும் பங்கா?"
கொஞ்சம், என்றேன்.
அவன் யோசித்தான்.
"வாழப்பழத்துலயும்?"

மாத்திரையை மென்று தின்றான், கல்கண்டு மாதிரி.
தங்கச்சிக்கு ஒன்று கேட்டான்.
கொடுத்தேன். உண்மையில்
அவனுக்கே இன்னொன்றோ என்று சந்தேகம்தான்,
அவன் கண் அப்படி.
என் முன்னாலேயே அவளைச் சாப்பிட வைக்கணும்,
நாளைக்குக் கூட்டிட்டு வா என்றேன்.
கூட்டி வந்தான்.
இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரிய மனுஷனாட்டம்.

மறுவாரம் பவுலினா வாசலிலிருந்தே சொன்னாள்,
கையால் அளந்து காட்டி:
"வெளிய வந்துருச்சு மேடம், இவ்ளோ நீளம்.
புள்ள பயப்படல. நான்தான் கத்திட்டேன்."

குழாய் பற்றி வாட்டர் போர்டுக்கு எழுதினேன்.
புகார் எண் வந்தது.
எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.
எங்கள் படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
காணப்பட்டது, காணப்படவில்லை.

ஆடி போய், மழை போய்,
பள்ளிக்கூடம் அடுத்த வகுப்புக்கு மாறி
இன்னொரு செவ்வாய்க்கிழமை.
இந்தமுறை கிராம்பு டப்பா,
மூடி திறந்ததும் அந்த வாசனை வேறு.
ரூபன், நால்கனே தரகதி.
எழுத்து திருத்தமாகியிருக்கிறது.
பெயருக்கடியில் ஸ்கேல் வைத்துக் கோடு.
கோட்டுக்கு அடியில்
கணக்கு நோட்டில் விடைக்கு விடுவதுபோல
இடம் விட்டு ஒரு சொல்:

எஷ்டு?

பேனாவை மூடி வைத்துவிட்டு
லென்ஸில் குனிகிறேன்.
ஒன்று. இரண்டு.
ஓரத்தில், பாதி மறைந்து, மூன்று.