வெள்ளோட்டம்

நான் மேடையில் இல்லை.
பக்கத்திரைக்குப் பின்னால்
ஒரு தகரத்தோடு நிற்பவன்.
ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டில்
யப்பான்காரன் துறைமுகத்தில் போட்ட குண்டெல்லாம்
என் கையில்.

மனையாவெளி வாசிகசாலை மண்டபம்.
அரங்கேற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
"வந்து பாருங்கோ, பிழை சொல்லுங்கோ" என்று
மரியநேசன் மாஸ்டர் வீடு வீடாய்க் கேட்டதில்
நாற்பத்துமூன்று கதிரைக்கு ஐம்பது பேர்.
மூன்றாவது விசிறி சுற்றவில்லை.
வாசலில் ஒரு மான்,
பஸ் நிலையத்திலிருந்து வந்திருக்கும்,
வாழைப்பழத் தோலுக்குக் காத்துநின்றது.

முதற் காட்சிக்குச் சிரித்தார்கள்,
துரையாக வந்த நிதுர்ஷனின் மீசை
வியர்வையில் ஒரு பக்கம் இறங்கியதற்கு.
கங்காணி கூலிக்காசில் கைவைத்தபோது
யாரோ தூஷணத்தால் ஏசினார்.
நல்ல சகுனம் என்றார் மாஸ்டர்
என் காதுக்குள்.

மூன்றாம் காட்சி.
சீனன்குடா எண்ணெய்க் குதங்கள்:
பீப்பாய் நான்கு, கறுப்புப் பெயின்ற்.
விளக்கு அணைந்தது.
அடித்தேன்.

முதலில் ஓடியது மான்.
பிறகு கதிரைகள் சரிந்தன,
பிரதியில் எழுதாத சத்தம்.
விளக்கு வந்ததும் திரையின் கிழிசலால் பார்த்தேன்.
முன்வரிசையில் அரைவாசி தரையில்.
மீன் விற்கும் பெனடிக்ரா
பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மேல் கவிழ்ந்து கிடந்தாள்,
கை இரண்டும் அதன் காதில்.
பின்சுவரோடு நின்று எல்லாம் எழுதிக்கொண்டிருந்த,
யாரும் அழைக்காத, சப்பாத்து மினுங்கும் மனிதனும்
குந்தியிருந்தான். வலது கை இடுப்பில்.
பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டும்
நிமிர்ந்து இருந்தார்கள்,
கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி.

ஆளை ஆள் பார்க்காமல் எழும்பினார்கள்.
ஒருவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தே இருந்தார்.
அன்றைக்கு அந்த மண்டபத்தில்
அதைவிடத் திறமாக யாரும் நடிக்கவில்லை.

முடிந்ததும் தேத்தண்ணியும் பணிசும்.
மாஸ்டர் கொப்பியை விரித்தார்:
வசனம் எப்படி?
காற்சட்டை அந்தக் காலத்துக்குப் பொருந்துதா?
துரை இவ்வளவு தமிழ் பேசலாமா?
அதற்கெல்லாம் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

"இது குண்டுச் சத்தமில்ல தம்பி,"
என்றார் கிண்ணியா ஜவ்பர், பணிசைத் தோய்த்தபடி.
"வரக்குள்ளயே கூவும். கூவல் நிண்டாத்தான் பயம்."
"அது ஷெல். பிளேன் எண்டால் வேறை."
"கிபிர் போனாப்பிறகுதான் சத்தமே வரும்."
"முதல்ல ஆடுறது கதவு."
"கதவில்லை, வயிறு."
ஒரு பாட்டின் சுருதியைப்பற்றிப் பேசுவதுபோல
ஒருவரையொருவர் திருத்தினார்கள்,
வாயால் செய்தும் காட்டினார்கள்.

"கிட்ட விழுந்தால் கேக்காது,"
என்றாள் பெனடிக்ரா.

கொஞ்ச நேரம் கரண்டிகள் மட்டும் பேசின.

'சத்தம் சரியில்லை' என்று
மாஸ்டர் எழுதினார்.
பின்சுவர் மனிதனும் ஏதோ எழுதினான்,
அநேகமாய் அதையேதான்.

எனக்குத் தெரியாததா?
பத்து வயதில் மூதூரிலிருந்து நடந்தவன்.
ஆனாலும் ஒத்திகைக்கு முதல்நாள்
கைபேசியில் யார் யாருடைய சண்டையையோ போட்டுப்போட்டு
குண்டுச் சத்தம் படித்தேன்.
தகரம் மட்டும் சொந்தம்:
கிளிவெட்டி முகாமில் தந்தது.
நிறுவனத்தின் முத்திரை அரைவாசி இன்னும் இருக்கிறது.
அதன் கீழே எத்தனை மாரி படுத்திருப்போம்.
மழைக்கு அது போட்ட சத்தத்தில்
பத்திலொன்றுகூட
இன்றைக்கு என்னால் எடுக்க முடியவில்லை.

இரவு ஓட்டோவில்
தகரத்தைக் குறுக்கே வைத்து
நானும் நிதுர்ஷனும் இருபக்கம்.
பாதி மீசை இன்னும் அவன் முகத்தில்.
மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியதும் கேட்டான்:
"அண்ணை, உண்மையாவே கேக்காதா,
கிட்ட விழுந்தால்?"

"பள்ளம் வருது," என்றேன்.
"தகரத்தைப் பிடி."