தோன்றா எழுவாய்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
கோணி தைக்கும் கடைக்கு மேல்மாடியில்
வியாழன்தோறும் கூடுகிறோம் மூன்று பேர்:
சர்க்கரை வியாதிக்கார ஆயர் தேவசித்தம்,
துறைமுகத்தில் சரக்குச் சீட்டு அடிக்கும் எப்சிபா,
தபாலில் கிரேக்கம் படித்த வங்கிக் காசாளன் நான்.

ஏழு மாதமாய்ப் படகு ஒரே இடத்தில் நிற்கிறது.
மாற்கு, நாலாம் அதிகாரம், முப்பத்தெட்டு.
காற்று அடிக்கிறது. அலை உள்ளே விழுகிறது.
அவர் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார்.
எழுப்புகிறவர்கள் வாயில் கடைசியாக
ஒற்றைச் சொல்:
அபொல்லூமெதா.

அழிகிறோம், மடிகிறோம், சாகிறோம், எதுவும் சரி.
நிகழ்காலம். இன்னும் முடிந்துவிடவில்லை,
தண்ணீர் முழங்கால் வரைக்கும்தான்.
சொல்லின் வாலில் ஒரு ‘மெதா’, நம்முடைய ‘ஓம்’ மாதிரி.
யார் யாரென்று அந்த வால் சொல்லாது.
கிரேக்கனுக்கு அது குறையாகவே படவில்லை.
தமிழில் எழுத உட்கார்ந்தவனைத்தான் மறிக்கிறது:
நாமா? நாங்களா?

நாங்கள் என்றால் தூங்குகிறவர்
படகில் படுத்தபடியே கரையில் இருக்கிறார்.
நாம் என்றால் அவர் தாடியிலும் தண்ணீர்.
உளப்பாட்டுத் தன்மைப் பன்மை:
ஒன்பதாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வி.
நாற்பது வருஷம் கழித்து வந்து
சட்டையைப் பிடிக்கும் என்று யார் கண்டது.

ஆயர் சொன்னார்: நாங்கள்தான். கடவுள் முழுக மாட்டார்.
எப்சிபா: அது அவங்களுக்கு அப்பத் தெரியாதே ஐயா?
நான் இருவருக்கும் தலையாட்டினேன்.
‘உமக்கா’ ‘உனக்கா’ என்பதில் ஏற்கெனவே
ஒரு மாதம் போயிருந்தது.
காசிமேட்டில் கேட்டால் ‘யோவ்’ என்பார்கள் என்றாள்.
ஆயர் தேநீரை ஆறவிட்டார்.

டிசம்பரில் பெய்தது.
கால்வாய் தெருவைப் பார்க்க வந்தது, பிறகு திரும்பிப் போகவில்லை.
கோணி மூட்டைகள் மிதந்து மாடிப்படியில் முட்டின.
மூன்றாம் படி. சற்று நேரத்தில் ஐந்தாம் படி.
கரண்ட் இல்லை. அவள் போனில் மட்டும்
பன்னிரண்டு விழுக்காடு உயிர்.
மாநகராட்சி எண், பதினோராம் முறை, எடுத்தார்கள்.

‘சார், முழுகினு இருக்கோம்.’

அவ்வளவுதான்.
அந்தப் பக்கம் ஒரு நீளமான கொட்டாவி கேட்டது.
அப்புறம் குரல்:
‘இங்க மட்டும் இன்னாம்மா, டேபிள் மேல ஏறிக் குந்திகினு பேசறேன்.
எந்தத் தெரு, சொல்லு.’

சொன்னாள். போன் அணைந்தது.
என் செருப்பு ஒன்று கீழே சுற்றிச் சுற்றி வந்தது.
‘கவனிச்சீங்களா,’ என்றாள், ‘நாங்கன்னு சொல்லல.
நாமன்னும் சொல்லல.
பயத்துல எவ அதையெல்லாம் சொல்லுவா?
அந்த ஆளு அவனா உள்ள வந்து குந்திக்கினான்.’

தோன்றா எழுவாய் என்றேன்.
அதுவும் ஒரு மதிப்பெண் கேள்விதான்.
ஆயர் மெழுகுவத்தியின் திரியைக் கிள்ளினார்,
அது ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

விடிவதற்கு முன் ஒரு ஃபைபர் படகு வந்தது.
ஓட்டியவன் பெயர் சலேத்.
‘சாமி, நீ பின்னாடி குந்து, வெயிட்டு சரியா இருக்கும்’ என்றான்.
ஆயர் குந்தினார். மின்கம்பம் ஒன்றைத் தாண்டுவதற்குள்
தூங்கிப்போனார், வாய் திறந்தபடி.
எப்சிபா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.
யாரும் எழுப்பவில்லை.

ஜனவரியில் எழுதி முடித்தோம்:
‘போதகரே, சாகிறோமே, கவலை இல்லையா உமக்கு?’
ஆயர் கையெழுத்துப் போட்டார், முணுமுணுத்துக்கொண்டே.

ராயபுரம் அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது.
யாரோ ஒரு நல்ல மனுஷர்
வாக்கியத்தில் ஏதோ விட்டுப்போனதென்று
‘நாங்கள்’ சேர்த்திருந்தார்.
சிவப்பு மையைத் தேடுகிறேன்.
வெள்ளத்தில் போயிருக்கும்.