செருப்பு வாளி

வெள்ளி இரவு பெங்களூரில் ஸ்வெட்டர் குளிர்.
சனி விடியலில் பெரம்பூரில் இறங்கினால்
ஐப்பசி அடைமழை
தீபாவளித் தாள்களைச் சிவப்புக் கூழாக்கி
ஸ்டேஷன் படிவரை கொண்டுவந்து வைத்திருக்கிறது.

இரண்டு நாள்.
மூன்று வீடு.
ஒரு பொய்.

"எங்கடி இருக்க?" என்று எழிலக்கா கேட்கும்போதெல்லாம்
"வீட்லதான், துணி மடிக்கிறேன்."

அயனாவரத்தில் சித்தி
எண்ணெய் ஊறிய அதிரசத்தை நீட்டி
"மிச்சம் இல்லடி, உனக்குன்னு எடுத்து வச்சது" என்றாள்.
ஃபேனுக்குக் கீழே காயாத பள்ளிச் சீருடைகள்.
அவற்றை விலக்கி விலக்கித்தான்
சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது.
சர்க்கரை கூடிவிட்டதாம். கால் மரத்துப்போகிறதாம்.
சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம்
அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் கீரன் அண்ணன் வீட்டுக்கு
நான் மட்டும் போனேன்.
அப்பா வீட்டை விற்ற காசில்
வந்து சேராத ஒரு பங்கு.
பதினோரு வருஷமாக
அக்காவும் அவனும் பேசுவதில்லை.
கதவைப் பாதி திறந்து
"மழையா இருக்கே" என்றான்.
வருகிறேன் என்றும் சொல்லவில்லை,
வரவில்லை என்றும்.

ஞாயிறு கொளத்தூரில், நாத்தனார் வீட்டுச் சாப்பாடு முடிந்து கிளம்பினால்
ஆட்டோ முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது.
கேக் பெட்டியைத் தலையில் ஏற்றி
கரகம் எடுத்தவர் மாதிரி
என் கணவர் நடந்தார்.
மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

அக்காவுக்கு ஐம்பது.
குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கிற வேலை.
ஊர்ச் சாக்கடையெல்லாம்
அவள் காதில்தான் முதலில் பொங்கும்.
மழைக்காலத்தில் பிறந்தவளுக்கு
பிறந்தநாள் என்றாலே ஓவர்டைம்.

வில்லிவாக்கம், மூன்றாவது மாடி.
கீழ்வீட்டில் வாங்கிய சாவி.
பதினான்கு பேர் உள்ளே.
வாசலில் கிடந்தால் காட்டிக்கொடுக்கும் என்று
அத்தனை செருப்பும்
குளியலறையில் இரண்டு வாளிக்குள்.

விளக்கை அணைக்க எழுந்தார் கணவர்.
அவருக்கு முன்பே
மின்சார வாரியம் அணைத்துவிட்டது.

ஏழு மணிக்கு வருவாள் என்றார்கள். எட்டே கால்.
இருட்டில் சித்தப்பா இரண்டு முறை தும்மினார்.
"எப்ப கத்தணும்?" என்று
ஒரு குழந்தை எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவு தட்டியது.
தொண்டை கிழியக் கத்தினோம்.

கீரன் அண்ணன்.
குடை இல்லை, கையில் ஒன்றும் இல்லை,
மூக்கு நுனியில் சொட்டுகிற தண்ணீரோடு
எங்கள் வாழ்த்து முழுவதையும்
வாங்கிக்கொண்டு நின்றான்.
பிறகு அவன் செருப்பும் வாளிக்குப் போனது.

அக்கா வந்தபோது
பாதிக் குரல்தான் மீதி இருந்தது.
செல்போன் வெளிச்சத்தில் எங்களை
ஒவ்வொருவராகப் பார்த்தாள்.
"முதல் தடவ கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.
அப்புறம், ஏண்டி,
உன் வீட்டு பால்கனியில எப்பருந்து
லோகோ சங்கு ஊதுது?"

கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.
எல்லோருக்கும் வாழைக்காய் பஜ்ஜி.
தனிக் காகிதத்தில் மிளகாய் பஜ்ஜி இரண்டு.
எங்கள் வீட்டில் அதைத் தின்கிறவன் ஒருவன்தான்.
யாருக்கு என்று அவள் சொல்லவில்லை.
எனக்கா என்று அவன் கேட்கவில்லை.
ஆறிப்போயிருந்ததை
மெதுவாகக் கடித்தான்.

கேக்கில் கத்தி இறங்கிய நேரம் போன் வந்தது.
"எந்தத் தெரு? எத்தனாவது குறுக்கு?
மூடி திறந்திருக்கா? பக்கத்துல ஒரு கொம்பு நட்டு வைங்க சார்."
பேசிக்கொண்டே வெட்டினாள்.
கோணலாகத்தான் வந்தது.

காட்பாடி தாண்டிய பிறகு கவனித்தேன்,
கணவர் காலில் அண்ணனின் செருப்பு.
இருட்டில் வாளியில் கைவிட்டு எடுத்தது.
குதிகாலுக்குப் பின்னால்
ஒரு விரல் அகலம் மிச்சம்.

படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.
மணி ஒன்றரை.
உடனே பதில் வந்தது:

"அவன் இன்னும் இங்கதான் இருக்கான்.
மிச்சம் இருந்த செருப்பு பத்தலையாம்."