டைம்கீப்பர் அறை

ஆறு பத்துக்கு வரவேண்டிய வண்டி
ஆறு இருபத்திரண்டுக்கு வருகிறது.
பதிவேட்டில் எழுதிவிட்டுக் கை நீட்டுகிறேன்.
கண்டக்டர் அரங்கசாமி
ஜன்னல் கம்பிக்குள் பேப்பரைச் செருகுகிறார்.
மேட்டுப்பாளையத்தில் வாங்கியது.
கோத்தகிரி வந்து சேர்வதற்குள்
எட்டாம் பக்கம் மேலே வந்து
நாலாய் மடிந்திருக்கும்.

திங்கட்கிழமை சுடோக்குவுக்கு ஒற்றை நட்சத்திரம்.
குஞ்சப்பனைக்கு முன்பே முடித்துவிடுவார்,
எனக்கு ராசிபலன்தான் மிச்சம்.
செவ்வாய், புதன் ஆளுக்குப் பாதி.
வெள்ளியன்று நான்கு நட்சத்திரம்:
ஏழெட்டு எண்கள் மட்டும் போட்டு
"இது உங்க சரக்கு மேடம்" என்று
டீ குடிக்கப் போய்விடுவார்.

எண்களை வைத்தே பாதையைச் சொல்வேன்.
நேராக நிற்கும் ஒன்று, சமவெளியில் எழுதியது.
தொப்பி பறந்த ஐந்து, முதல் கொண்டை ஊசி.
வால் பக்கத்துக் கட்டத்துக்குள் போன ஏழு
குஞ்சப்பனை.
முள்ளூரில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுவார்கள்,
அங்கே எண்ணே இருக்காது.
அரவேணுவுக்குப் பிறகு போட்டதை
நம்பவே கூடாது.

பேனாவில் எழுதுகிற மனிதர்.
நான் பென்சில்.
இரண்டு, ஆறு, ஒன்பது என்று
வரக்கூடியவர்களை எல்லாம் மூலையில் பொடியாய் உட்கார வைத்து
ஒவ்வொருவராய் வீட்டுக்கு அனுப்புவேன்.
நடுவே ஏழரை குன்னூர்,
ஊட்டிக்குப் போகும் பாயிண்ட் டு பாயிண்ட்,
சோலூர்மட்டம் வண்டி என்னாச்சு என்று
கண்ணாடியைத் தட்டுகிறவர்.
பதில் சொல்லித் திரும்பினால்
நடுப்பெட்டிக்கு என்ன நினைத்திருந்தேன் என்பது
மூடுபனியோடு போயிருக்கும்.

ஒரு வெள்ளி, ஐந்தாம் வரிசையில் அவர் போட்ட நான்கு
பத்து மணிவரை என்னை ஏமாற்றியது.
எல்லாம் பொருந்தி வந்து
கடைசிக் கட்டத்தில் இன்னொரு நான்கு,
கல்யாணப் பந்தியில்
ஒரே சேலையில் இரண்டு பேர்போல.
அழியாத நீல மை.
அவரிடம் சொல்லவில்லை.
மறுநாள் விடையைப் பார்த்து அவரேதான்,
"நேத்து ஒண்ணு சறுக்கிடுச்சு" என்றார்,
ரோட்டைச் சொல்வதுபோல.

கார்த்திகை மழையில் ரோடே சறுக்கியது.
மாமரத்துக்குக் கீழே மண் இறங்கி
வியாழன், வெள்ளி, சனி வண்டி இல்லை.
பதிவேட்டில் அந்த வரி மூன்று நாள் காலி.
குன்னூர் சுற்றிப் பேப்பர் கடைக்கு வந்தது.
வாங்கவில்லை.
ஏனென்று யாராவது கேட்டிருந்தால்
காசு மிச்சம் என்றிருப்பேன்.

ஞாயிறு, பத்து நாற்பது.
முழங்கால்வரை சேறு, கையில் மூன்று பேப்பர்.
மூன்றிலும் ஒரு கட்டம்கூடத் தொடவில்லை.
"டிப்போவுல சும்மாதானே இருந்தீங்க?"
"நிக்கிற வண்டியில எனக்கு வராதுங்க."

வெள்ளியின் விடை சனியில் இருக்கும்.
முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு
அந்த மூலையை உள்ளே மடித்தேன்.
வெள்ளி ஈரத்தில் ஊறி
அச்சடித்த எண்ணொன்று
மூன்றா, எட்டா தெரியவில்லை.
மூன்றென்றால் மேல் வலது பெட்டியில் முட்டுகிறது.
எட்டென்றால் பாதிவரை போகிறது,
அப்புறம் இருட்டு.
விடை கையிலேயே, மடிப்புக்குள்.
பிரிக்கவில்லை.

கீழே இறங்கும் அதே வண்டி உறுமியது.
ஓடிப்போய் வெள்ளியை மட்டும் நீட்டினேன்.
"எட்டுன்னு வெச்சுப் பாருங்க.
இந்தாங்க, பென்சில்ல."
பேனாவைக் கொடுத்துப் பென்சிலை வாங்கிக்கொண்டார்.
விசில்.

அறைக்கு வந்து
பதினொன்று ஒன்பது என்று பதிவேட்டில் எழுதினேன்.
நாற்காலி ஆடவில்லை, மேசை ஆடவில்லை.
ஒன்பதின் வால்
அடுத்த கட்டத்துக்குள் போயிருந்தது.